உறுதிமொழி எடுத்த பிள்ளைகளை ஐசியூவில் நிற்க வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேசிய உறுப்பு தான நாளான ஆகஸ்ட் 3 ஆனாலும் சரி, தமிழ்நாட்டின் உறுப்பு தான நாளான செப்டம்பர் 23 ஆனாலும் சரி, மருத்துவ மாணவர்கள் கையை நீட்டி உறுப்பு தான உறுதிமொழி எடுக்கும் படம் செய்தித்தாளில் தவறாமல் வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தலைக்காய வார்டிலும் ஐசியூவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். அந்தப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தருகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஒருவர் எட்டு உயிரைக் காப்பாற்றலாம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கோமாவுக்கும் மூளைச்சாவுக்கும் என்ன வித்தியாசம் என்று நோயாளியின் அண்ணன் கேட்டால், பரீட்சைத் தாளில் எழுதுகிற மாதிரி ஒரு பதில் வருமே தவிர, அது அந்த அண்ணனுக்குப் போய்ச் சேராது. கோமாவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார், தேறவும் வாய்ப்பு உண்டு. மூளைச்சாவு என்றால் அது சாவுதான், திரும்பி வர வழியே இல்லை. இந்த இரண்டு வரியைத் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டாமா? முதலாண்டு உடற்கூறியல் கூடத்துக்கு வரும் உடல் தானமும் உறுப்பு தானமும் ஒன்று என்று நினைத்துப் பேசும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் இல்லை. ஒரு பக்கம் தொப்பூர் கணவாய், இன்னொரு பக்கம் ஓசூர் வரைக்கும் ஓயாத நெடுஞ்சாலை, நடுவில் ஹெல்மெட் போடாமல் பைக்கில் போகும் நம் பிள்ளைகள். ராத்திரியில் கொண்டுவருவார்கள். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்கும், மானிட்டரில் துடிப்பு ஓடும், கையைத் தொட்டால் சூடாக இருக்கும். "உடம்பு சூடா இருக்கே சார், எப்படிப் போயிட்டான்னு சொல்றீங்க?" என்று அம்மா கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டு நிற்பார். பாவம், அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பதில் சொல்ல யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் சேர்ந்து, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்த பிறகுதான் மூளைச்சாவு என்று சான்று கொடுக்க முடியும். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், காதில் குளிர்ந்த நீர் விட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் அப்னியா டெஸ்ட். வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குழாய் வழியாக ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற நெஞ்சு ஒரு தடவையாவது தானாக அசைகிறதா என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அசையாது. அதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு அப்புறம் சந்தேகம் வராது, அடுத்தவருக்குச் சொல்லவும் தயக்கம் இருக்காது. ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் மாணவர்களைக் கூப்பிட்டு இதைக் காட்டும் பழக்கமே இல்லை.

நெறிமுறை சம்பந்தமாக அவர்களுக்குள் ஒரு பயமும் இருக்கிறது. வைத்தியம் பார்க்கிற நாமே தானத்தைப் பற்றிப் பேசினால், உறுப்புக்காகத்தான் கைவிட்டார்கள் என்று ஜனங்கள் நினைக்க மாட்டார்களா என்று தயங்குவார்கள். நியாயமான பயம், மனசாட்சி உள்ளவருக்குத்தான் அது வரும். அதற்குத்தான் உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர்கள் சான்று கொடுக்கக் கூடாது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலில் சாவைச் சொல்ல வேண்டும், அழுது முடிக்க நேரம் விட வேண்டும், தானத்தைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். 2011-இல் சட்டத்தைத் திருத்தியபோது, குடும்பத்திடம் கேட்பதே ஐசியூ டாக்டர்களின் கடமை என்று சேர்த்துவிட்டார்கள். கேட்காமல் விடுவது நாகரிகம் இல்லை, அந்தக் குடும்பத்துக்கு உள்ள ஒரு வாய்ப்பை நாமே மறைப்பது. "பணக்காரனுக்குத்தானே போகும்?" என்று யாராவது கேட்டால், தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் வைத்திருக்கும் காத்திருப்புப் பட்டியலைப் பற்றியும், உறுப்பை விற்றால் பத்து வருஷம் வரை ஜெயிலும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும்.

தருமபுரியில் மருத்துவக் கல்லூரி வந்த அதே 2008-இல்தான் விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் இதயம் தானமாகச் சென்னைச் சாலைகளில் பறந்தது. அவனுடைய அப்பா, அம்மா இரண்டு பேருமே டாக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று தெரிந்ததால்தான் அந்தத் துக்கத்திலும் அவர்களால் முடிவெடுக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பென்னாகரத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் இருக்கிற அப்பா அம்மாவுக்கு அந்தப் படிப்பு இல்லை, அதை எடுத்துச் சொல்லும் டாக்டராவது வேண்டும்.

2019-இலிருந்து எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நெறிமுறைக்கும் நோயாளியிடம் பேசுவதற்கும் தனி வகுப்பே வந்துவிட்டது. அதிலேயே இதைச் சேர்க்கலாம். அப்னியா டெஸ்ட் நடக்கும்போது இரண்டு மூன்று மாணவர்களை நிற்க வையுங்கள். குடும்பம் சம்மதித்தால், உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் அவர்களிடம் பேசும் அறையில் ஒரு ஓரமாக உட்கார விடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய, சாவுச் செய்தியை அவரவர் பேச்சில் சொல்லும் மாணவர்களுக்கு முதலிடம் கொடுங்கள். கார்டில் கையெழுத்துப் போட்ட மாணவர்கள் அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு வரட்டும், ஏனென்றால் கடைசியில் ஆஸ்பத்திரி கேட்கப் போவது அவர்களைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தருமபுரி