அரை ஏக்கர் தோப்பு

அன்புத் தம்பிக்கு,

புதுச்சேரியில் நம் மாதா பேராலயமான சம்பா கோவில் வாசலில் நின்று, புயல் சமயத்தில் செய்ததைப் பற்றி, “சூழ்நிலை அப்படி அக்கா, கடவுளுக்குத் தெரியாதா?” என்று கேட்டாய். பூசைக்கு மணி அடித்துவிட்டதால் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். உன் பெயரைப் போடாமல் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியைக் கேட்பவர்கள் நம் சொந்தத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

2011 டிசம்பர் 30, தானே புயல் கரையேறிய நாள். அதற்கு இரண்டு நாள் கழித்து, மூடிக் கிடந்த ஒரு கடையின் பூட்டை உடைத்து இரண்டு மூட்டை அரிசி எடுத்தாய். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அதில்தான் கஞ்சி. இன்றுவரை பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, என்றாலே அந்த அரிசியைத்தான் சொல்கிறாயாம். அது திருட்டே இல்லையடா! அவசரமான, கண்கூடான தேவையில், வேறு வழியே இல்லாதபோது பிறர் பொருளை எடுத்துப் பசியாறுவது திருட்டாகாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியல் அறிஞர் புனித தோமா அக்குவினாஸ் எழுதிவிட்டார். 1992இல் வந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி நூலும் 2408ஆம் எண்ணில் அதையே சொல்கிறது. மண்ணின் விளைச்சல் எல்லாருக்குமாகப் படைக்கப்பட்டது. பூட்டு அதற்குப் பிறகு வந்ததுதான்.

உன்னை உறுத்த வேண்டியது முந்திரித் தோப்பு. அதை நீ சொல்வதே இல்லை. அரை ஏக்கரை இரண்டு ஏக்கர் என்று எழுதிக் கொடுத்து நிவாரணம் வாங்கினாய். கடன்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், நீ நடுங்கிப் போயிருந்தாய். ஒத்துக்கொள்கிறேன். பயம், கட்டாயம், அறியாமை, பழக்கம் இவையெல்லாம் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கும், சில வேளை இல்லாமலேகூட ஆக்கிவிடும் என்கிறது அதே நூல் (1735). உன் பயம் எவ்வளவு என்பதைக் கடவுள் அளக்கட்டும். அந்தத் தராசு என் கையில் இல்லை. ஆனால் தானாகவே தீயதாக இருக்கும் ஒரு செயலைச் சூழ்நிலை நல்லதாக்கிவிடாது (1754). உன் மேல் விழும் பழி குறையலாம். அரை ஏக்கர் இரண்டு ஏக்கர் ஆகாது.

“அரசாங்கப் பணம்தானே” என்று சொல்லாதே. அந்த வருடம் பண்ருட்டிப் பக்கம் தோப்பையே பறிகொடுத்தவர்களுக்காக வந்த பணம் அது. அநியாயமாக வந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் போதனைதான். இத்தனை வருடத்துக்குப் பிறகு எப்படி, யாரிடம் என்பதைச் சாமியாரிடம் கேள். கடன் எப்போதோ அடைந்துவிட்டது. இனி பயத்தைச் சாக்குச் சொல்ல முடியாது.

இன்னொன்று. அந்தப் பணத்தில்தான் என் தையல் மெஷினை வாங்கினாய் என்று போன மாதம் உன் மனைவி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அதுவரை எனக்குத் தெரியாது, என் மேல் குற்றமில்லை. தெரிந்த பிறகும் நான்கு ஜாக்கெட் தைத்துக் கூலி வாங்கிவிட்டேன். நீ சாமியாரைப் பார்க்கப் போகிற அன்று எனக்கும் போன் செய். சேர்ந்தே போகலாம்.

உன் அக்கா