சனசமூக நிலைய ஆண்டறிக்கை: கும்பிடுறவையும் கும்பிடாதவையும்

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாக சபைக்கும் வந்திருக்கிற அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். கணக்கறிக்கையை பொருளாளர் தனியா வாசிப்பார். வாசிகசாலை கூரை திருத்தியாச்சு, பேப்பர் ஒழுங்கா வருது, விளையாட்டு விழாவும் நல்லா நடந்தது, உதவின எல்லாருக்கும் நன்றி. மிச்ச நேரத்தை இந்த வருசம் எங்களை உண்மையிலயே வாட்டின விஷயத்துக்கு எடுக்கிறன், கடவுளை நம்புற ஆக்களுக்கும் நம்பாத ஆக்களுக்கும் இடையில வந்த பிரச்சினைதான் அது.

முதல் சண்டை போன பொதுக்கூட்டத்திலயே வந்தது. தேவாரம் படிக்கேக்க ரெண்டு தம்பிமார் எழும்பேல்ல, பின்னுக்கிருந்து ஒருத்தர் "எழும்படா" எண்டு கத்த, அவை திருப்பி ஏதோ சொல்ல, கூட்டம் அரை மணித்தியாலம் நிண்டு போச்சு. இது மரியாதைக் கேடு எண்டு நினைச்ச ஆக்களின்ட மனசும் எனக்கு விளங்குது, நானும் திருநீறு பூசாமல் வெளியில இறங்காத ஆள்தான், ஆனா எங்கட நிலையத்தில வேதக்கார (கிறிஸ்தவ) அங்கத்தவரும் இருக்கினம், முஸ்லிம் அங்கத்தவரும் இருக்கினம், அவை இத்தனை வருசமா எங்களுக்காக பேசாமல் எழும்பி நிண்டவை, அவையிட்ட ஒரு நாளாவது ஒரு சொல் கேட்டிருக்கிறமா? நாட்டின்ட அரசியலமைப்பில பதவிப் பிரமாணத்துக்கே சத்தியம் செய்யலாம் இல்லாட்டி உறுதி கூறலாம் எண்டு ரெண்டு வழி வச்சிருக்கினம், 10ஆம் உறுப்புரையில சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் எல்லாருக்கும் சுதந்திரம் எண்டு இருக்கு. அதாலதான் நிர்வாக சபை பொதுக்கூட்டத்தை ஒரு நிமிச மௌனத்தோட தொடங்கிறது எண்டு முடிவெடுத்தது. நவராத்திரிக்கு சரஸ்வதி பூசை வழமை போல நடக்கும், அதில ஒரு மாற்றமும் இல்லை, வர விருப்பமில்லாத ஆளிட்ட ஏன் வரேல்ல எண்டு ஒருத்தரும் கேக்கக் கூடாது.

மாலை வகுப்பில நடந்தது இதை விட மோசம். சமயம் ஓ/எல் (சாதாரண தரம்) வரைக்கும் கட்டாய பாடம், வகுப்புக்கு வாற ஒரு பிள்ளையும் சைவநெறிதான் படிக்குது, நல்ல மார்க்ஸும் எடுக்குது. தகப்பன் கோயிலுக்குப் போறேல்ல எண்டதுக்காக பிள்ளையை எல்லாருக்கும் முன்னால நிப்பாட்டி ஏன் நெத்தி வெறுமையா இருக்கு எண்டு கேட்டிருக்கினம், பக்கத்திலிருந்த பிள்ளையள் உங்கட அப்பா நரகத்துக்குத்தான் போவார் எண்டு சொல்லியிருக்குதுகள். ஒன்பது வயசுப் பிள்ளை அழுதுகொண்டு வீட்ட போனது. தகப்பன் என்னட்ட வந்து சத்தம் போடேல்ல, பிள்ளையை இனி அனுப்பேல்ல எண்டு மட்டும் சொல்லிப்போட்டு போனார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்தது. வகுப்பு எடுக்கிற ஆக்களோட கதைச்சாச்சு, பிள்ளை திரும்ப வருது.

நம்பாத பக்கத்துக்கும் ஒண்டு சொல்ல வேணும். சிவராத்திரிக்குப் பிறகு எங்கட திருகோணமலையில கோணேசர் சாமி நகர்வலம் வரேக்க நிறைகுடம் வச்சு காத்துக்கொண்டு நிண்ட ஒரு அம்மாவிட்ட போய் "கல்லுக்கு ஏன் தண்ணி" எண்டு கேட்டது என்ன பகுத்தறிவு? பகுத்தறிவாளர் டொக்டர் கோவூரின்ட பேரைத்தான் எதுக்கும் இழுக்கினம். கோவூர் 1963இல அற்புதம் செய்து காட்டுற ஆளுக்கு ஒரு லட்சம் ரூபா தாறன் எண்டு அறிவிச்சு, ஏமாத்துற சாமிமாரைத்தான் கேள்வி கேட்டவர், ஒருத்தராலயும் அந்தக் காசை வாங்க முடியேல்ல. வாசல்ல குடத்தோட நிக்கிற கிழவி ஆரை ஏமாத்தினவ?

இன்னொண்டையும் யோசிக்கச் சொல்லி கேக்கிறன். எங்கட ஊரில கோயில் எண்டா வெறும் நம்பிக்கை மட்டும் இல்லை. கோணேசர் கோயிலை போர்த்துக்கேயர் இடிச்ச கதையை கேட்டு வளந்த சனம், 2005இல பஸ் ஸ்டாண்ட் பக்கம் புத்தர் சிலை வச்ச நேரம் கடை பூட்டி வீட்டுக்குள்ள இருந்த சனம் இது. இந்த சனத்துக்கு கடவுள் இல்லை எண்டு ஒருத்தன் சொன்னா கோயில் காணியை விட்டுக் குடுக்கச் சொல்றான் எண்ட மாதிரித்தான் காதில விழுது, அதால வாற கோபம்தான் பாதி. ஆனா 2019 ஜூலையில கன்னியா வெந்நீரூற்றடிக் கோயில் காணிக்காக போராட்டம் நடக்கேக்க எங்கட நிலையத்திலயிருந்து போன ஆக்களுக்குள்ள கும்பிடாத ரெண்டு பேரும் இருந்தவை, வெயிலுக்குள்ள கடைசி மட்டும் நிண்டவை. அவையை துரோகி எண்டு சொல்ற ஆக்கள் அண்டைக்கு அங்க வரேல்ல.

இப்ப எங்கட மூத்த அங்கத்தவரின்ட மரணம். அவர் பேரைச் சொல்லேல்ல, எல்லாருக்கும் தெரியும். தனக்கு ஒரு கிரியையும் வேண்டாம், உடம்பை மட்டக்களப்பு மருத்துவ பீடத்துக்கு குடுக்க வேணும் எண்டு வாசிகசாலையில பின்னேரம் பின்னேரம் சொல்லிக்கொண்டிருந்தவர். செத்த வீட்ட போனா அங்க கிரியைக்கு சுண்ணம் இடிக்க ஆயத்தம் நடக்குது. அவரின்ட சிநேகிதப் பெடியள் வாசல்ல நிண்டு இது அவருக்கு செய்யிற துரோகம் எண்டு சத்தம், மனுசியின்ட தமையன் வெளியில போங்கோ எண்டு சத்தம், ஐயரும் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கிறார். நான் அவரின்ட மனுசி, அந்த அக்காவிட்ட போய் மெதுவா கேட்டன். அவ சொன்ன ஒரே விஷயம், "தம்பி, இவர் என்னட்ட ஒரு நாளும் இதைச் சொல்லேல்லையே."

எழுத்தில ஒண்டும் இல்லை, பீடத்தில பதிவும் இல்லை. குடும்பம் முன்வந்து குடுத்தாத்தான் எடுப்பினம், குடும்பத்துக்கே தெரியாத விஷயத்தை நாங்கள் எப்படி கேட்டு வாங்கிறது? ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன் கூட வாழ்ந்த மனுசிக்கு சொல்லேல்ல, தெரியாத விருப்பத்தை அவ மீறினவ எண்டு பழி போடுறது அநியாயம். அவவுக்குத் தெரிஞ்ச முறையில புருசனை வழியனுப்பினவ. கடைசியில மகள்தான் ஒரு வழி சொன்னவ, அப்பான்ட கண்ணையாவது குடுப்பம் எண்டு. நேரம் பிந்தாததால கண் எடுத்தாச்சு, பிறகு கொள்ளி வச்சு முப்பத்தோராம் நாள் கன்னியாவில அந்தியேட்டிக் கிரியையும் நடந்தது. பெடியள் அந்தியேட்டிக்கு வரேல்ல. வந்திருக்கலாம் எண்டு நான் இண்டைக்கும் நினைக்கிறன்.

அதுக்குப் பிறகுதான் கண்தான பதிவு ஒண்டு வச்சம். இலங்கை கண்தான சங்கத்தை 1961இல தொடங்கின டொக்டர் ஹட்சன் சில்வா பௌத்த தான தர்மத்தில ஊறின ஆள், 1964இல சிங்கப்பூருக்கு கண் அனுப்பினது அந்த சங்கம்தான். கோவூர் கடவுளே இல்லை எண்டு வாழ்ந்து 1978இல இறக்கேக்க உடம்பை மருத்துவப் படிப்புக்கு குடுத்தவர். ரெண்டு பேரும் எதிரெதிரான காரணத்துக்காக ஒரே வேலையைத்தான் செய்திருக்கினம். எங்கட பதிவு நாளிலயும் திருநீறோட வந்த அம்மாமாரும் கோயில் பக்கமே போகாத பெடியளும் ஒரே வாங்கில இருந்து கையெழுத்து வச்சவை, அண்டைக்கு ஒரு வாக்குவாதமும் வரேல்ல.

கோயில் லௌட்ஸ்பீக்கர் சத்தம் கூட எண்டு கடிதமா வந்த முறைப்பாட்டையும் சொல்லிப்போடுறன். கடிதத்தில கையெழுத்து வச்ச ஆக்களில கூடப்பேர் கோயிலுக்குப் போற ஆக்கள்தான், பிள்ளையளுக்கு சோதினை நேரம். இதை நாத்திகரின்ட சதி எண்டு கதை பரப்பினது பிழை. இரவு 10 மணியிலயிருந்து காலை 6 மணி வரைக்கும் பொதுவா அனுமதி குடுக்கக் கூடாது எண்டு 2007இல உச்ச நீதிமன்றம் சொன்னதே ஒரு பள்ளிவாசல் சம்பந்தமா வந்த வழக்கிலதான். கோயில் சபை ஐயாமாரோட கதைச்சு இப்ப சத்தம் குறைஞ்சிருக்கு, அவைக்கு நன்றி.

சபையின்ட அனுமதிக்கு மூண்டு விஷயம் வைக்கிறன். அங்கத்துவ படிவத்தில இருக்கிற சமயம் எண்ட கட்டத்தை எடுக்கிறது, அது எங்களுக்கு ஒண்டுக்கும் தேவைப்படேல்ல. பொதுக்கூட்ட மௌனத்தை யாப்பில எழுதுறது. மூண்டாவது, செத்த வீட்டில தனக்கு என்ன செய்ய வேணும் என்ன செய்யக் கூடாது எண்டு விருப்பமான ஆக்கள் கடிதமா எழுதித் தரலாம், முழுக் கிரியையும் வேணும் எண்டாலும் எழுதலாம், ஆனா மனுசியோ புருசனோ பிள்ளையோ ஒரு ஆள் வாசிச்சு கீழ கையெழுத்து வைக்காத கடிதத்தை நிலையம் வாங்காது. மூண்டையும் வேற வேறயா வாக்கெடுப்புக்கு விடச் சொல்லி தலைவரைக் கேக்கிறன்.