ஹாலுக்கு வந்த படம்

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள மரகதம்,

நாங்கள் எல்லோரும் நலம். அண்ணனின் கால் எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு பிரிக்க இன்னும் நாலு வாரம் என்றாய். நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்த மனுஷர் கட்டிலோடு கிடக்கிறார் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

நீ போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அண்ணன் மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படம் பார்க்கிறார், கழுத்து வலிக்கிறது என்கிறார், சுவரில் 43 அங்குல டிவி சும்மா தொங்குகிறது என்றாய். மகன் ஒருமுறை செய்து காட்டினான், அவன் பெங்களூருக்குத் திரும்பியதும் மறந்துவிட்டது என்றாய். போனில் சொன்னால் மறுபடியும் மறக்கும். எழுதி அனுப்பினால் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். அதோடு, உனக்குக் கடிதம் எழுதித்தான் எத்தனை வருஷம் ஆகிவிட்டது!

நான் இதைக் கற்றுக்கொண்டது எங்கள் அத்தைக்காக. அவங்களுக்கு இப்போது 86 வயது. கண்புரை எடுத்த பிறகு தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, கிட்டத்தில்தான் சிரமம். போன வருஷம் பேரன் தன் பழைய போனை அவங்களுக்குக் கொடுத்து, சாவித்திரி படம், பத்மினி படம் என்று யூடியூபில் தேடி எடுத்துக் கொடுத்தான். உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளே பழைய படங்களை முழுசாகப் போட்டிருக்கிறார்கள், அதனால் குற்ற உணர்ச்சி இல்லாமல் பார்க்கலாம். அத்தை அறைக்குள் ஒரு படம், இவருடைய போனில் கிரிக்கெட், பேரன் கையில் இன்னொன்று, நான் அடுக்களையில் ஒரு சமையல் வீடியோ. இப்படியே பல மாதம் போயிற்று. ஒருநாள் காபி கொடுக்கப் போனேன். அத்தை போனைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாங்க. என்ன அத்தை என்றேன். "படம் சரியாத் தெரியல பிரேமா, வசனத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாங்க. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஹாலில் அவ்வளவு பெரிய டிவி இருக்கிறது! அன்றைக்கே இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். போனில் ஓடுவதை டிவிக்குக் கொண்டுபோக இரண்டு வேறு வேறு வழிகள் இருக்கின்றன. பார்க்க ஒன்று போலவே தெரியும். எனக்கே இந்த வித்தியாசம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு மற்றதெல்லாம் சுலபமாகிவிட்டது.

ஒன்று, போனின் திரையை அப்படியே டிவியில் காட்டுவது. ஸ்கிரீன் மிர்ரரிங் என்பார்கள். சாம்சங் போனில் ஸ்மார்ட் வியூ என்று இருக்கும். இதில் போன் தன் திரையைத் தானே விடாமல் படம் பிடித்து, சுருக்கி, வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. படத்தையும் ஓட்ட வேண்டும், அதைப் படமும் பிடிக்க வேண்டும். இரட்டை வேலை. அதனால்தான் போன் சுடுகிறது, சார்ஜ் இறங்குகிறது, உதடு அசைந்த பிறகு பேச்சு வருகிறது. வாட்ஸப்பில் யாராவது ஏதாவது அனுப்பினால் அதுவும் டிவியில் தெரியும். நான் முதலில் செய்தது இதைத்தான். சோகமான காட்சி ஒன்றின் நடுவில் என் நாத்தனாரின் போன் வந்து, படம் நின்று, அவள் பெயர் டிவி முழுக்கப் பெரிதாக வந்தது. அத்தை பயந்தே போயிட்டாங்க.

இன்னொன்று, கேஸ்ட். யூடியூபைத் திறந்தால் மேலே ஒரு குட்டி டிவி படமும், அதன் இடது கீழ் மூலையில் விசிறி மாதிரி வளைவுக் கோடுகளும் இருக்கும். அதைத் தொட்டால் உன் டிவியின் பெயர் வரும். அந்தப் பெயரைத் தொடு, அவ்வளவுதான். இங்கே போன் படத்தை அனுப்புவதே இல்லை. "இந்தப் படத்தைப் போடு" என்று டிவிக்குச் சொல்கிறது. டிவி தானே இணையத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறது. அதன் பிறகு போன் வெறும் ரிமோட். அதைப் பூட்டி வைக்கலாம், அதில் யாரோடும் பேசலாம், படம் நிற்காது. போன் சுடவும் சுடாது. அண்ணனுக்கு நீ கற்றுக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

இதற்கு ஒரே நிபந்தனை, டிவியும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பெயர் வரவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் இதுவாகத்தான் இருக்கும். போன் சிம் டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். வீட்டில் நெட் இல்லாத நாளில் அண்ணனின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டிவியையும் உன் போனையும் அதில் சேர்த்துப் பார். ஆனால் படத்தின் தரத்தைப் பொறுத்து மணிக்கு 1 ஜிபியிலிருந்து 3 ஜிபி வரை இழுக்கும். தினம் ஒன்றரை ஜிபி பேக் என்றால் இடைவேளைக்கு முன்னாலேயே தீர்ந்தாலும் தீர்ந்துவிடும்.

உன் டிவி ஆண்ட்ராய்டு டிவி என்று மகன் சொன்னதாகச் சொன்னாய். அப்படியானால் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, எதுவும் வாங்க வேண்டாம். கேஸ்ட் செய்வதற்கென்றே கூகுள் 2013இல் குரோம்காஸ்ட் என்று விரல் நீளக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. அதைச் செய்வதை 2024இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த வேலை டிவிக்குள்ளேயே வந்துவிட்டது. அத்தை அறையில் இருப்பது சாதாரண 32 அங்குல டிவி. அதன் எச்.டி.எம்.ஐ. துளையில் அந்தக் கருவி மாதிரியே ஒரு ஸ்டிக் செருகியிருக்கிறோம், அது போதும். ஸ்டிக்குக்கு மின்சாரம் டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காதே, கூட வரும் அடாப்டரையே சுவர் பிளக்கில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் பாதியில் அணைந்து அணைந்து எரியும்.

காசு கட்டிப் பார்க்கும் ஆப்களில் திரையைக் காட்டும் வழி பல சமயம் எடுபடாது. சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும். டிவி கெட்டுவிட்டதோ என்று பயப்படாதே. யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று போட்டிருக்கும் பூட்டு அது. அந்த ஆப்பை டிவியிலேயே இறக்கிவிட்டால் சரியாகிவிடும்.

ஒயர் வாங்கலாமா என்றும் கேட்டாய். அவசரப்பட்டு வாங்காதே. நான் இங்கே ஒரு கடையில் 700 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எல்லா போனுக்கும் வேலை செய்யும் என்றுதான் கொடுத்தார்கள். என் போனில் ஒன்றுமே வரவில்லை, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, டைப் சி துளை பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா போனிலும் அந்தத் துளை வழியாகப் படம் வெளியே வராது. விலை அதிகமான போன்கள் சிலவற்றில்தான் அந்த ஏற்பாடு இருக்கிறது. இதை வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், இன்னும் எனக்கு வருத்தம்தான்.

சரி, போனிலேயே சேமித்து வைத்திருக்கும் வீடியோவுக்கு என்ன செய்வது? அதற்கு விஎல்சி என்ற ஆப்பை இறக்கிக்கொள். இலவசம், விளம்பரம் கிடையாது. பாரிஸ் பக்கத்தில் 1996இல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது. இன்றைக்கும் ஒரு பைசா கட்டணம் வாங்காமல் நடத்துகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. அதிலும் அதே விசிறிக் குறி இருக்கிறது. இங்கே மட்டும் வீடியோ போனிலிருந்தே போகிறது, அதனால் படம் முடியும் வரை போன் அணையக் கூடாது, பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதைவிட எளிது பென் டிரைவ். நேராக டிவியின் பின்னால் செருகிவிடலாம். படம் ஓடி, சத்தம் மட்டும் வரவில்லை என்றால், அந்த ஒலி வகையை உன் டிவிக்குப் படிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். டிவியிலும் விஎல்சியை இறக்கி அதில் திறந்தால் பெரும்பாலும் பேசும். 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ சில பென் டிரைவில் ஏறாது, இடம் இருந்தாலும் ஏறாது. அதைப் பழைய முறையில் ஃபார்மேட் செய்திருப்பார்கள், அந்த முறையில் ஒரு ஃபைலுக்கு அதுதான் உச்சம்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். முதல் நாள் கேஸ்ட் செய்து பெரிய டிவியில் படம் வந்ததும் எல்லோரும் கை தட்டினோம். அத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சாவித்திரி மாதிரியே இல்லையே, முகம் ஊதியிருக்கே" என்றாங்க. பார்த்தால் உண்மைதான். அந்தக் காலத்துப் படத்தின் அகலமும் உயரமும் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரைப் படம் வந்ததே 1973இல்தான். டிவியோ பதினாறுக்கு ஒன்பது. அதை முழுத்திரைக்கு இழுத்தால் எல்லா முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். முப்பது வருஷம் கணக்கு வகுப்பில் விகிதம் நடத்தியவள் நான், அத்தை சொன்ன பிறகுதான் கவனித்தேன்! டிவியின் பிக்சர் செட்டிங்கில் போய் 4:3 என்று வைத்தேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது, சாவித்திரியும் திரும்பி வந்தாங்க. அந்தக் கறுப்புப் பட்டையை வீண் இடம் என்று நினைக்காதே. படம் எடுத்தவர் வைத்த ஃபிரேம் அந்த இரண்டு பட்டைக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இன்னொரு செட்டிங்கையும் பார்த்து அணைத்துவிடு. சினிமா ஒரு விநாடிக்கு 24 படம். டிவி தானாகவே நடுவில் சில படங்களைக் கற்பனை செய்து சேர்த்து வழவழவென்று ஆக்குகிறது. அதனால் பெரிய படமும் சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். டாம் குரூஸ் 2018இல் இதை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்வதற்காகவே ஒரு வீடியோ வெளியிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

அப்புறம், முக்கியமான சேதி. என் கல்யாண வீடியோ கேசட் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 1988, டவுனில் அந்தப் பழைய மண்டபம். ஹாலஜன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நம் பின்னாலேயே வந்தானே, வியர்வையில் நம் பவுடர் எல்லாம் கரைந்ததே. அந்தக் கேசட் பீரோவுக்குள் கிடந்தது. போட்டுப் பார்க்க டெக் இல்லை. விசிஆர் என்கிற அந்த டெக்கைச் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பான் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. டேப்பில் பூஞ்சை வந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து, டெக் இன்னும் ஓடும் ஒரு ஸ்டூடியோவைத் தேடிப் பிடித்து, வீடியோவை எடுத்து போனில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

போனில் பார்த்தபோது மனுஷர் எல்லாம் எறும்பு மாதிரி இருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி ஹால் டிவியில் போட்டேன், 4:3இல்தான். யாரையும் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு இவர் வந்து நின்றார், அப்படியே உட்கார்ந்தார். பேரன் போனைக் கீழே வைத்துவிட்டு வந்தான். பக்கத்து வீட்டு மதினி உறைமோர் கேட்க வந்தவங்க, அவங்களும் உட்கார்ந்துவிட்டாங்க. மாமா வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கும் காட்சி வந்தது. அவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அத்தை நாற்காலியை விட்டு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாங்க. "அந்தா நிக்காங்க" என்று மட்டும் சொன்னாங்க. நான் படத்தை அப்படியே நிறுத்தி வைத்தேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

அண்ணன் தனியாகப் பார்க்க வேண்டாம், மரகதம். சாயங்கால வேலையை ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டு நீயும் கூட உட்கார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். கல்யாண வீடியோ 3.6 ஜிபிதான், ஒலியும் சாதாரண வகைதான், உன் டிவியில் சிக்கல் இல்லாமல் ஓடும். பின்னால் செருகி, ரிமோட்டில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடு. 41ஆவது நிமிஷம் நீ வருகிறாய். மாம்பழக் கலர் பட்டு, கையில் ஆரத்தித் தட்டு, யாரையோ பார்த்துச் சிரிக்கிறாய். யாரைப் பார்த்து என்று எனக்கு ஞாபகம் வரவில்லை, நிறுத்தி வைத்துப் பார்த்துச் சொல்லு.

அண்ணனுக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
பிரேமா