எட்டுத் தோல்விக்குப் பிறகு

லிங்கன், நெப்ராஸ்கா
25 நவம்பர் 2018

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நம் நெப்ராஸ்கா கல்லூரி அணியின் அமெரிக்கக் கால்பந்து சீசன் முடியட்டும், அப்புறம் எழுதலாம் என்று வைத்திருந்தேன். முந்தாநாள் முடிந்தது. அயோவா அணியிடம் 31-28 என்று தோற்றோம். 28-13 என்று பின்தங்கியிருந்த நம் பையன்கள் விரட்டிப் பிடித்துச் சமன் செய்தார்கள். கடைசி நொடியில் அவர்கள் பந்தை உதைத்து மூன்று புள்ளிக்கு ஒரு ஃபீல்டு கோல் அடித்துவிட்டார்கள். டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கோச்சை மாற்றி என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தாய். போன வருஷமும் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி; இந்த வருஷமும் அதே 4-8. கணக்கில் நீ சொல்வதுதான் சரி. ஆனால் கூடவே இருந்து பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்றில்லை.

புதுக் கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் நம்ம ஊர்ப் பிள்ளை. 1997-இல் பட்டம் வென்ற நம் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். போன சீசனில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியை 13 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் நடத்தியவர். அவர் வருகிறார் என்றதும் ஊரே தலைகால் புரியாமல் இருந்தது. முதல் ஆட்டம் அக்ரனோடு. முதல் கிக் ஆனதுதான், மின்னல் வெட்டி ஆட்டமே ரத்து. அதன் பிறகு வரிசையாக ஆறு தோல்வி. இந்தக் கல்லூரி அணி ஒரு சீசனை இவ்வளவு மோசமாகத் தொடங்கியதே இல்லை. டாம் ஆஸ்போர்ன் கோச்சாக இருந்த 25 வருஷத்தில் எந்த வருஷமும் ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததில்லை. அதைப் பார்த்துப் பழகிய ஊர் இது!

அந்த ஆறில் நார்த்வெஸ்டர்னிடம் தோற்றதுதான் இன்னும் ஆறவில்லை. ஏறக்குறைய இரண்டே நிமிடம் பாக்கி, பந்து அவர்களுடைய ஒரு யார்டு கோட்டில். 99 யார்டு முன்னேறிச் சமன் செய்ய விட்டோம். கூடுதல் நேரத்தில் போயிற்று.

அடுத்த வாரம் மினசோட்டா ஆட்டத்துக்கு நேரில் போனேன். 0-6 அணியைப் பார்க்க யார் வருவார்கள் என்று நினைக்காதே, மெமோரியல் ஸ்டேடியம் நிறைந்திருந்தது. 1962-இலிருந்து அப்படித்தானே? பக்கத்து சீட்டுப் பெரியவர் சிவப்பு பலூனின் நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். நம் பையன்கள் பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோய் முதல் டச் டவுன் போட்டதும் எல்லோரும் பலூனைப் பறக்க விட்டுவிட்டார்கள். அவருக்கு மட்டும் முடிச்சு அவிழவில்லை, நான்தான் அவிழ்த்துவிட்டேன். 53-28 என்று ஜெயித்து முடிந்தபோது எங்கள் வரிசை முழுக்க நடந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கடைசி ஆறு ஆட்டத்தில் நான்கு வெற்றி, மச்சான். ஓஹியோ ஸ்டேட்டிடம் அவர்கள் மண்ணிலேயே ஐந்து புள்ளியில்தான் தோற்றோம். மிச்சிகன் ஸ்டேட்டைப் பனி கொட்டக் கொட்ட ஒரு டச் டவுன்கூட இல்லாமல் 9-6 என்று வென்றார்கள். செப்டம்பரில் இருந்த அணியாக இருந்தால் நிச்சயம் கைவிட்டிருக்கும். தேவையில்லாத பெனால்டிகள் இன்னும் இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குவார்ட்டர்பேக் மார்ட்டினஸ் முதல் வருஷப் பையன், போகப் போகத் தேறிவிடுவான்.

ஏப்ரலில் நம் அணி தனக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டமான ஸ்பிரிங் கேமுக்கு வா. நீ விட்டுப்போன சிவப்பு ஜெர்சி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்