போட்டோ இல்ல, நம்பித்தான் ஆகணும்

ஏலே சுப்பையா,

எப்படிலே இருக்க, மதினி, பிள்ளைய எல்லாம் சொகமா. நீ மெசேஜ் போட்டு மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவிக்காத, நானும் இவளும் மீன் புடிக்க போயிருந்தோம், சிரிக்காத, நெசமாத்தான். ஒண்டாரியோ வடமேற்குல ரெட் லேக்னு ஒரு ஊரு, டொராண்டோல இருந்து கார்ல ரெண்டு முழு நாள், 105ஆம் நம்பர் ஹைவே அந்த ஊரோட முடிஞ்சிருது. அதுக்கு அங்கிட்டு ஏரித்தண்ணி மேலயே எறங்குற குட்டி பிளேன்ல 40 நிமிஷம். பீவர்னு பேரு, 1947ல இருந்து 1967 வரைக்கும் டொராண்டோல செஞ்ச மாடல், அப்போ நம்மள விட மூத்தது. இத சொன்னதும் இவ என் கைய புடிச்சா பாரு, தாலி கட்டுன அன்னைக்கு கூட அப்படி புடிக்கல.

ஏறுறதுக்கு முன்னாடி சாமான எல்லாம் எடை போடுதாங்க, ஆளையும் சேத்து. இவ அரிசி, இட்லிப்பொடி, நல்லெண்ணெய்னு கட்டி வச்சிருந்ததுல 9 பவுண்டு கூடிருச்சு. எத எறக்கன்னு பைலட் கேட்டதுக்கு என் தூண்டில் பெட்டிய கை காமிச்சிட்டா. கம்பு, கொக்கி எல்லாம் அங்கயே தருவாங்கன்னு முன்னாடியே விசாரிச்சு வச்சிருக்கா, என்கிட்ட மட்டும் சொல்லல.

2020 ஆகஸ்ட்ல காட்டுத்தீ வந்து அந்த ஊரையே காலி பண்ணாங்க, மேல இருந்து பாத்தா கருகுன மரம் இன்னும் நிக்கி, அடியில புதுசா பச்ச. ஜாக் பைன்னு ஒரு மரம், தீச்சூடு பட்டாத்தான் அதோட காய் நல்லா வெடிச்சு விதை கொட்டுமாம்.

நாங்க தங்குனது ஒரு லாட்ஜு, ஒடனே நம்ம ஜங்ஷன் லாட்ஜ நெனைக்காத. ஏரிக்கரையில ஆறு மரக்கேபின், சிக்னல் கெடையாது, ஜூன் மாசம் ராத்திரி பத்து மணிக்கும் வானத்துல வெளிச்சம். கொசுவ பத்தி நான் பேசவே மாட்டேன். செலவையும் கேக்காத.

இரை என்ன தெரியுமா, அட்டைலே! மாஞ்சோலையில காலு பூரா உப்ப தேச்சிட்டு ஓடுனோமே, அதோட சொந்தக்காரன இங்க டப்பாவுல போட்டு விக்கான். ஈயக்குண்டு வச்ச கொக்கியில இவ மூஞ்சி கூட சுளிக்காம அத மாட்டுதா, நான் பிளாஸ்டிக் புழுவோட உக்காந்திருக்கேன். மீனு பேரு வால்ஐ, முதல்ல கேட்டப்போ நம்மூரு வாளைன்னு நெனச்சேன், அது வேற. கண்ணு பூனைக்கண்ணு மாதிரி மின்னும், அதனால மங்குன வெளிச்சத்துல தான் நல்லா மேயும். நாங்க எடுத்தது சின்ன லைசென்ஸ், தலைக்கு ரெண்டு வால்ஐ வச்சுக்கலாம், அதுல 46 சென்டிமீட்டருக்கு மேல ஒண்ணுதான்.

மூணாம் நாள் சாயங்காலம் இவ கம்பு வளைஞ்சுது பாரு, நான் பாறையில மாட்டிக்கிச்சுன்னு சொல்லுதேன், அது பாட்டுக்கு போட்டுக்கு அடியில ஓடுது. ஏத்தி அளந்தா 71 சென்டிமீட்டர்! கைடு அந்த பக்கத்து ஓஜிப்வேங்கிற பூர்வகுடிப் பையன், எப்பவும் என்ன ஓட்டிக்கிட்டே இருப்பான், அன்னைக்கு மட்டும் கொஞ்சம் அமைதியா சொன்னான், இவ்வளவு பெருசுன்னா பொட்டையாத்தான் இருக்கும், இந்த குளுந்த தண்ணியில இந்த சைஸுக்கு வர பதினஞ்சு இருபது வருஷம் ஆகும்னு. இவ என்ன ஒரு மாதிரி பாத்தா. எங்களுக்கு கல்யாணம் ஆகி பத்தொம்போது வருஷம்லா. நான் செல்போன எடுக்க தண்ணி புகாத பையோட ஜிப்ப இழுத்துக்கிட்டு கெடக்கேன், அதுக்குள்ள கைய நனச்சு, மெதுவா புடிச்சு, தண்ணியில விட்டுட்டா. சளப்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒரு போட்டோ எடுக்க விடலியேன்னு கத்துனேன். "போட்டோ ஒங்ககிட்ட காட்டத்தான, நீங்கதான் பாத்துட்டீங்களே"ங்கா. மறுநாள் மத்தியானம் வரைக்கும் நான் பேசல, கரையில பாறை மேல அடுப்பு மூட்டி சின்ன மீனா பாத்து பன்னிக்கொழுப்புல பொரிச்சு கைடு நீட்டுன பொறவுதான் வாய தொறந்தேன். அவன் இவ இட்லிப்பொடிய உருளைக்கெழங்குல போட்டு தின்னுட்டு டப்பாவையே கேட்டு வாங்கிக்கிட்டான்.

ஒரு விஷயம்லே. மருதூர் அணைக்கட்டுல நீ தனியா புடிச்ச விரால் முழங்கைக்கு மேல இருந்துச்சுன்னு இருபத்தஞ்சு வருஷமா சொல்லுத, நான் ஒரு நாளும் நம்பல. இப்போ நம்புதேன். நீ 71ஐ நம்பு, சரியா?

பொங்கலுக்கு வாரோம், தூண்டில் கம்ப தேடி வையி.