மோட்டாரின் பலத்தைப் பார்த்து மின்படகு வாங்காதீர்கள்

பினாங்கில் மின்படகு பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தெலுக் பஹாங் துறையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் ஒருநாள் மின்சாரத்துக்கு மாறத்தான் போகின்றன. அன்று விற்பனையாளர்கள் நீட்டும் வண்ணத்தாளில் மோட்டாரின் திறனும் உச்ச வேகமும் மட்டுமே கொட்டை எழுத்தில் இருக்கும். அவற்றை நம்பி டெண்டர் எழுதினால் மக்கள் பணம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

ஒற்றை உடல் படகு, தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்ளும். நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம், 9 மீட்டர் என்றால், மணிக்கு ஏறத்தாழ 7.3 கடல்மைலில் அந்தத் தடை வந்துவிடும். இன்றைய ஃபைபர் படகுகள் பெரிய அவுட்போர்டு எஞ்சினின் பலத்தில் அதைத் தாண்டி நீரின் மேல் வழுக்கி ஓடுகின்றன. முகப்பு தூக்கி, பின்புறம் அமிழ்ந்து, பின்னால் எழுகிறதே வெண்ணுரை அலை, அது காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்! ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் இருப்பதால் அந்த ஊதாரித்தனம் செல்லுபடியாகிறது. ஒரு கிலோ படகு பேட்டரியில் பொதுவாக 0.1 அல்லது 0.15 கிலோவாட் மணிதான் கிடைக்கும். பெட்ரோல் எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமாக விரயம் செய்தாலும், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

இதனால்தான் மின்படகுக்கு இரட்டை உடல் படகை, அதாவது கேட்டமரானைப் பரிந்துரைக்கிறார்கள். ஒவ்வோர் உடலும் அகலத்தைப் போலப் பத்து மடங்கு நீளமாக, ஒல்லியாக இருந்தால் அலை அதிகம் எழாது. மேற்சொன்ன தடையும் பெயரளவுக்கே. ஆனால் குண்டான இரண்டு உடல்களை இணைத்தாலும் அதற்குக் கேட்டமரான் என்றுதான் பெயர். நனையும் பரப்பு கூடுதல் என்பதால், மெதுவாக ஓடும்போது அது ஒற்றை உடல் படகைவிட அதிக மின்சாரம் குடிக்கவும் கூடும். ஒல்லி உடலுக்கு எடைதான் எமன். சற்றே பாரம் ஏறினாலும் மளமளவென அமிழும். இரு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடியில் அலை மொத்தும். ‘தூரம் போதாதா, இன்னொரு பேட்டரி வைப்போம்’ என்பவரிடம் முதலில் எடையைக் கேளுங்கள். 50 கிலோவாட் மணி பேட்டரி அரை டன் வரைகூட வரும்.

கேரளத்தின் வைக்கத்தில் (நமக்குப் பெரியார் நினைவுக்கு வரும் அதே வைக்கம்தான்) 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு ஓடுகிறது. இரட்டை உடல், 75 பேர், தலா 20 கிலோவாட்டில் இரண்டே மோட்டார்கள். அது காயல், இது கடல். அளவுகளை அப்படியே நகலெடுக்க முடியாது. நிதானத்தை எடுத்துக்கொள்ளலாம். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்கு. நேரம் பாதியானாலும் அதே தூரத்துக்கு நான்கு மடங்கு மின்சாரம்.

ஆகவே டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: முழுப் பயணிகள் எடையுடன், நீரோட்டத்தோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை ஓட்டி, கடல்மைலுக்கு எத்தனை கிலோவாட் மணி செலவாகிறது என்று நம் கடலில் அளந்து காட்ட வேண்டும். மணல் மூட்டைகளை ஏற்றினாலே போதும், பயணிகள்கூட வேண்டாம். அதற்குக் கையெழுத்திட மறுப்பவரை அடுத்த பெர்ரியிலேயே பட்டர்வொர்த்துக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் பினாங்குவாசி