கோப்பில் எழுதும்போது

அன்புள்ள மீனா,

கோப்பில் எழுத நீ அனுப்பிய குறிப்பின் வரைவைப் படித்தேன். ஒப்பந்தப்புள்ளிக் (டெண்டர்) குழுவில் மற்ற மூவரும் கையெழுத்துப் போட்ட பிறகும் நீ மட்டும் மாட்டேன் என்கிறாய். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘என் கடும் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்’ என்று ஆரம்பித்திருக்கிறாயே, அந்த வரியை முதலில் அடித்துவிடு. எதிர்ப்பெல்லாம் இங்கே ஜந்தர் மந்தரில் கொடி பிடிக்கிறவர்களுக்குச் சரி. கோப்புக்கு ‘ஆட்சேபம்’ போதும். ‘கருத்து வேறுபாடு’ என்றும் எழுதாதே. ரொம்ப வழவழா. யாருக்கும் யாருக்கும் எதில் வேறுபாடு என்றே தெரியாது.

டெல்லிக்கு வந்த புதிதில், கூட்டத்தில் யாராவது ‘முஜே ஆபத்தி ஹை’ என்றால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஆபத்து என்கிறாரோ என்று நினைப்பேன். இந்திக்காரர்களுக்கு அதுதான் ஆட்சேபம்! எங்கள் ஆபீசில் அதை எழுதப் பலர் பயந்ததைப் பார்த்தால், தமிழ்ப் பொருளும் தப்பில்லை போல.

ஆட்சேபம் என்றால் காரணம் கூடவே வர வேண்டும். ஏலம் கேட்டவர்களை ஆவணத்தில் சொன்ன அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும், பாதியில் மாற்றக்கூடாது. உன் கட்சி அவ்வளவுதானே? எந்த நிபந்தனை, எந்தப் பக்கம், அதை எப்படி மாற்றினார்கள் என்று எழுது. ‘உள்நோக்கம்’, ‘வேண்டுமென்றே’ இரண்டையும் எடுத்துவிடு. அவை இருந்தால் விஷயம் போய், உனக்கும் தலைவருக்கும் மனஸ்தாபம் என்று ஆகிவிடும்.

உச்ச நீதிமன்ற நீதிபதி எச்.ஆர். கன்னாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? நெருக்கடி நிலையில், காரணமில்லாமல் பிடித்து வைக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று வழக்கு. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து பேரில் நால்வர் முடியாது என்றார்கள். கன்னா மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஜனவரியில் அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். இவர் ராஜினாமா செய்தார். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்த நால்வர் சொன்னது தவறு என்றது. அப்படி எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா. அப்பாவைத் திட்டி ஒரு வரி கிடையாது, தீர்ப்பை மட்டும் தள்ளினார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

உனக்கும் ஏதாவது இடமாற்றம் வரலாம். வராது என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா இப்போதே கன்னியாகுமரி என்றால் வெயில் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள்.

இன்னொன்று. மற்றவர்கள் எழுதியதன் மேல் அடித்தல் திருத்தல் கூடாது. அவர்கள் குறிப்புக்குக் கீழே உன்னுடையதை எழுதி, தேதியோடு கையெழுத்துப் போடு. ‘தனியாகப் பேசிக்கொள்ளலாம்’ என்று தலைவர் கூப்பிட்டால் போய்ப் பேசு, டீ கொடுத்தால் குடி. குறிப்பை மட்டும் திரும்ப வாங்காதே.

வரைவு இரண்டு பக்கம் இருக்கிறது, அரைப் பக்கத்துக்குள் கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா
ஆர்.கே. புரம், புது டெல்லி